விசில் அடிக்கும்வரை

அவளுக்கு வீட்டில் ஆமை என்று பெயர். வைத்தவர் அப்பா. மூன்று வயதில் அவள் ஒரு செருப்பை மாட்டி முடிப்பதற்குள் தான் மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்ததாகச் சொல்வார். அது சுத்தப் பொய். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு வயதாகி, மாதச் சம்பளம் வாங்குகிற பெண்ணான பிறகும் குளியலறைக் கதவைத் தட்டி, "ஆமை, ஓட்டுக்குள்ளேயே தூங்கிட்டியா?" என்றுதான் கேட்பார்.

அப்பாவை எல்லோரும் கோச் என்பார்கள். அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஓட்டப் பந்தயத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது அவர் தொழில். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கழுத்தில் விசில் தொங்கும், சட்டைப் பையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். விசில் அடிக்கும்வரை யாரும் நிற்கக் கூடாது, ஓடுகிறவன் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. மைதானத்தில் இந்த இரண்டும்தான் சட்டம். மூச்சு வாங்கினாலும், செருப்பு அறுந்தாலும், வாந்தியே வந்தாலும் விசில் அடிக்கும்வரை கால் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு பெல்ட். தடித்த தோல் பெல்ட், சுற்றிலும் சின்னச் சின்னப் பைகள், பைகளுக்குள் மணல். அதைக் கட்டிக்கொண்டுதான் பயிற்சி. பந்தய நாளில் கழற்றிவிடுவார். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, எத்தனையோ பேர் செய்வதுதான். ஆனால் கோச் யாருக்கும் தெரியாமல் வாரத்துக்கு ஒரு பிடி மணலைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டே போவார். பிள்ளைகள் "இன்னிக்கு என்னமோ கால் கனமா இருக்கு கோச்" என்றால், "உன் சோம்பேறித்தனம் கனக்குது" என்பார். பந்தயத்தில் ஜெயித்த பிறகு எல்லோர் முன்னாலும் அந்தப் பைகளை அவிழ்த்து மணலைத் தரையில் கொட்டிக் காட்டுவார். "பாரு, இவ்வளவையும் தூக்கிட்டு ஓடியிருக்க. உனக்கே தெரியாது." மெடலைவிட அந்தக் குவியலைக் காட்டுகிற நிமிஷம்தான் அவருக்குப் பெரிது. அதற்காகவே உயிரோடு இருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தக் குவியலை மூன்று தடவை பார்த்தவள் ஒருத்தி உண்டு. எக்ஸ்பிரஸ் என்று பேர் வாங்கினவள். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். இருக்கையிலிருந்து இறங்கும்போது வலது காலைக் கையால் தூக்கித்தான் கீழே வைப்பாள். முட்டியில் எலும்போடு எலும்பு உரசுகிறது என்று டாக்டர் சொல்லி வருஷங்கள் ஆகின்றன. கோச் வழியில் பார்த்தால் அவள் வேனுக்குக் கை காட்டுவார், முட்டியைப் பற்றிக் கேட்க மாட்டார்.

மகள் ஓடவில்லை. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். குழாய்களிலிருந்தும் தொட்டிகளிலிருந்தும் பாட்டில் பாட்டிலாக வரும் தண்ணீரை வரிசையாக வைத்து, கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிற சொட்டில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு அதிகமானால் திரும்ப முதலிலிருந்து. அவள் திரும்ப முதலிலிருந்து செய்ததே கிடையாது. ஆறின காபியைக் குடித்துக்கொண்டு மெதுவாகச் செய்வாள். அங்கே அவளுடைய ஆமைத்தனத்துக்கு மரியாதை இருந்தது.

தண்ணீரைப் பற்றி மேலே படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கடல் தாண்டி ஒரு பல்கலைக்கழகம். அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், எண்ணூறுக்கு அறுநூற்று ஐம்பது எடுக்க வேண்டும். ஒரு மதிப்பெண் குறைந்தாலும் விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். படிப்பு பாதிக் காரணம்தான். அறுநூற்று ஐம்பது வந்தால், குளியலறைக் கதவைத் தட்டி ஆமை என்று கூப்பிட ஆள் இல்லாத ஒரு அறை கிடைக்கும். அந்த அறையை அவள் மனதுக்குள் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தாள்.

பயிற்சி மையத்தில் முதல் மாதிரித் தேர்வு வைத்தார்கள். நானூற்று எண்பது வந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அத்தையும் வந்திருந்தாள். அத்தை என்றால் கோச்சின் அக்கா, பக்கத்து வீடு. பேச ஆள் கிடைக்காத நாளில் மதில் சுவரோடு சண்டை போடக்கூடியவள்.

"எவ்வளவு?" என்றார் கோச்.

"நானூத்தி எண்பது."

"பாதியைத் தாண்டிட்டா. ஆமைக்கு அது சாதனைதான்."

அத்தைக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏம்மா, ஒண்ணுமே எழுதாம சும்மா உக்காந்துட்டு வந்தா எவ்வளவு போடுவாங்க?"

"இருநூறு போடுவாங்க அத்தை. அதுக்குக் கீழே கிடையாது."

"அப்போ நீயா சம்பாதிச்சது இருநூத்தி எண்பதுதானா?"

கோச் வாய்விட்டுச் சிரித்தார். அம்மா, "சாப்பிடும்போது வேண்டாமே" என்று குழம்பை நகர்த்தி வைத்தாள். அம்மா மருத்துவமனையில் நர்ஸ். ரத்தம், சீழ், கத்தல் எதற்கும் அசராதவள். வீட்டுக்குள் மட்டும் எதையாவது நகர்த்தி வைப்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

மையத்தில் கொடுத்த தாளை கோச் வாங்கிப் பார்த்தார். அவருக்குப் பாடம் தெரியாது, ஆனால் ஓடுகிறவர் எந்த இடத்தில் பின்தங்குகிறார் என்பது தெரியும். ஒவ்வொரு பகுதியிலும் அவள் செய்த கேள்விகள் பெரும்பாலும் சரியாக இருந்தன. கடைசி ஏழெட்டுக் கேள்விகளைத் தொடவே இல்லை. அவர் முகம் மெல்ல மலர்ந்தது. அத்தனை நாள் மகளிடம் தனக்கு வேலையில்லாமல் இருந்த ஒரு இடத்தில் வாசல் திறந்துவிட்டது.

"இது படிப்பே இல்ல. ஓட்டம்," என்றார். "அந்த மையத்துல ஏசியைப் போட்டுத் தூங்க வைக்கிறானுங்க. இனி ஞாயித்துக்கிழமையெல்லாம் நீ என்கிட்ட வா."

அவள் மறுத்துப் பார்த்தாள். எடுபடவில்லை. அந்த வார இறுதியில் அவள் அறையிலிருந்த சுவர்க்கடிகாரம் இறங்கியது. ஆணி மட்டும் மிஞ்சியது. கையில் கட்டியிருந்ததையும் போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். மாதிரித் தேர்வுப் புத்தகம், பென்சில், தண்ணீர். ஒரு பகுதிக்கு முப்பத்தைந்து நிமிடம். தொடங்க ஒரு விசில், முடிக்க ஒரு விசில். முடிந்ததும் அவரே விடைப்பக்கத்தை வைத்துச் சிவப்புப் பேனாவால் திருத்துவார். வந்த மதிப்பெண்ணைச் சாக்பீஸால் அறைக்கதவின் வெளிப்பக்கம் எழுதுவார். மைதானத்துக் கொட்டகைக் கதவில் பிள்ளைகளின் நேரத்தை எழுதுவது போல.

ஐநூறு. நானூற்றுத் தொண்ணூறு. ஐந்நூற்றுப் பத்து. ஐநூறு.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கதவைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன்கூட நின்று படித்துவிட்டு, "என்னம்மா, வாடகைக் கணக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அத்தை தினமும் வந்தாள். "ஏறுதா இறங்குதா? ஏதாவது ஒரு பக்கமாப் போகச் சொல்லு. நின்ன இடத்துலயே நிக்குது, பாத்தா எனக்கே கால் வலிக்குது."

மகள் தன்னால் முடிந்த வித்தையெல்லாம் செய்தாள். நீளமான கேள்விகளைக் கடைசியில் படித்தாள். கணக்குகளைப் போடுவதற்குப் பதிலாக விடைகளை வைத்துப் பின்னாலிருந்து வந்தாள். யோசிப்பதைப் பாதியில் வெட்டக் கற்றுக்கொண்டாள், அது அவளுக்கு விரலை வெட்டுவது போல இருந்தது. என்ன செய்தும் விசில் வந்துவிடும். ஒவ்வொரு பகுதியிலும் கடைசி நாலைந்து கேள்விகள் வெறுமையாக நிற்கும்போது அந்தச் சத்தம் முதுகில் வந்து குத்தும். வேகம் கூடுகிறது என்று கைக்குத் தெரிந்தது, ஆனால் கதவில் கூடவில்லை. அப்படியானால் கோளாறு கையில் இல்லை, மண்டையில்தான் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தாள். பரிசோதனைக் கூடத்தில் ஒரு தடவை சொட்டு அதிகமாகிவிட்டது. திரும்ப முதலிலிருந்து செய்தாள். பெரிய கெமிஸ்ட் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

நாள் முழுக்க எதையாவது நேரம் பார்த்து அளக்கிறவள் அவள். அழுக்கு அடியில் படிய எவ்வளவு நேரம், கிருமி வளர எவ்வளவு நேரம் என்று வெள்ளைக் கோட்டில் ஒரு சின்ன டைமரைக் குத்திக்கொண்டே அலைந்தாள். அப்பாவை அளக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. மணல் பெல்ட் கதையைச் சோற்றோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்தவளுக்கே தோன்றவில்லை. அது ஓடுகிற பிள்ளைகளுக்கான கதை என்று நினைத்திருந்தாள்.

தேர்வுக்கு முந்தின வாரம் ஐந்நூற்று இருபது வந்தது.

"தள்ளிப் போட்டுடலாம்ப்பா," என்றாள். "இப்ப எழுதினா மானம்தான் போகும்."

"இருந்தாத்தானே போறதுக்கு?" என்றார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. பெட்டிக்குள் எதையோ மறைத்து வைத்திருக்கிற குழந்தையின் சிரிப்பு. அவள் அதைக் கேலியென்று எடுத்துக்கொண்டாள். கேலியைத் தவிர வேறு எதையும் அந்த முகத்திலிருந்து எடுத்துப் பழக்கமில்லை.

தேர்வு மையம் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. தடுப்பு வைத்த மேஜைகள், ஆளுக்கொரு கம்ப்யூட்டர், காதை அடைக்க ஒரு கருவி. திரையின் மேல் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. பழக்கதோஷத்தில் அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஓடுகிறவன் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. முதல் பகுதியில் கடைசிக் கேள்வி வந்தது, அதையும் முடித்தாள். பிறகு தோளை இறுக்கிக்கொண்டு விசிலுக்காகக் காத்திருந்தாள். விசில் வரவில்லை. இங்கே விசில் கிடையாது என்பது நினைவு வந்து மூலையைப் பார்த்தாள். ஏழு நிமிடம் மீதி இருந்தது.

அவள் கையைத் தூக்கினாள். மேற்பார்வைப் பெண் பூனை மாதிரி நடந்து வந்தாள்.

"என்ன?"

"கடிகாரம் தப்பா ஓடுதுங்க. ஏழு நிமிஷம் அதிகமா காட்டுது."

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், அடுத்த திரையையும் எட்டிப் பார்த்தாள். "சரியாத்தாங்க ஓடுது. நேரம் பத்தலன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாவது பகுதியிலும் ஏழு நிமிடம். மூன்றாவதிலும் அதே.

அப்போதுதான் கண் முன்னால் மணல் கொட்டியது. பிடி பிடியாக. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், ஒவ்வொரு விசிலிலும், கதவில் எழுதிய ஒவ்வொரு எண்ணிலும். சிலிண்டர்காரன் படித்துவிட்டுப் போனது. அத்தையின் கால் வலி. மண்டையில் கோளாறு என்று தானே தனக்கு எழுதிக்கொண்ட தீர்ப்பு. மீதி நேரத்தை ஒரு சொட்டும் சிந்தாமல் செலவழித்தாள். முதல் கேள்வியிலிருந்து திரும்பி வந்து, சந்தேகமாக விட்டவற்றைப் பார்த்து, மூன்றைத் திருத்தினாள். எல்லாம் முடிந்து ஒரு பொத்தானை அழுத்தியதும் திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு காட்டியது. எழுநூற்றுப் பத்து.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. கீழே அவர் காத்துக்கொண்டிருப்பார், என்ன கேட்பார் என்பதும் அவளுக்குத் தெரியும். படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டாள்.

கோச் கட்டடத்துக்கு வெளியே ஸ்கூட்டர்மேல் சாய்ந்து நின்றிருந்தார். பந்தய நாட்களில் மட்டும் போடும் நீலச் சட்டை. அவளைப் பார்த்ததும் நேராக நிமிர்ந்தார். கண்கள் மின்னின. மதிப்பெண்ணைக் கேட்கவில்லை.

"நேரம் மிச்சம் இருந்துச்சா?"

அந்தக் குரலில் இருந்த ஆசையை அவள் அதுவரை கேட்டதில்லை. ஒரு சொல் சொன்னால் போதும். மணலைக் கொட்டிக் காட்டத் தயாராக நின்றிருந்தார்.

"இல்லப்பா," என்றாள். "நேரம் பத்தல."

"பத்தலையா? எப்படிப் பத்தாம போகும்?"

"எப்பவும் போலத்தான். எல்லாத்துலயும் கடைசியில விட்டுட்டேன். ஐந்நூத்தி இருபது."

அவர் வாய் திறந்தபடியே இருந்தது. உதைக்கப்பட்ட நாயின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த முகத்தை அவள் நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்தாள். பிறகு ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்து, "போலாமாப்பா?" என்றாள். வண்டியைக் கிளப்ப அவருக்கு நாலு உதை தேவைப்பட்டது.

ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம்தான். ஆனால் ருசி கண்டுவிட்டாள்.

விண்ணப்பத்தை உண்மையான மதிப்பெண்ணோடு அனுப்பினாள். வீட்டில், இன்னொரு தடவை எழுதுகிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமைகள் திரும்ப ஆரம்பித்தன. இந்தத் தடவை டைமர் அவள் ஸ்வெட்டர் கைக்குள் இருந்தது. முதல் ஞாயிறு அவர் பழையபடியே ஏழு நிமிடம் திருடினார். அவள் விடை தெரிந்த கேள்விகளில் பாதியைத் தப்பாகப் போட்டாள். கதவில் நானூற்று அறுபது ஏறியது. அடுத்த தடவை விசில் ஐந்து நிமிடம் முன்னால் வந்தது. அவள் நானூற்று ஐம்பதுக்கு இறங்கினாள். பிறகு மூன்று நிமிடமே திருடினார். அதன் பிறகு ஒன்றும் திருடவில்லை, முழு நேரமும் கொடுத்தார். அவள் நானூற்று முப்பது எடுத்தாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அவள் எதிர்பார்க்காதது. விசில் தாமதமாக வர ஆரம்பித்தது. முப்பத்தைந்து முடிந்தும் அவர் ஊதவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு நிற்கிறார் என்பது கதவுக்கடியில் தெரியும் நிழலில் தெரிந்தது. நிழல் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறியது. ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார். பிறகு பத்து. அவள் பென்சிலை உருட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவப்புப் பேனா திருத்தும்போது தயங்கியது. ஒரு தடவை அவள் போட்ட தப்பான விடையை அவரே சரியென்று போட்டதைப் பார்த்தாள்.

"அது தப்புப்பா," என்று எடுத்துச் சொன்னாள்.

"ஆமால்ல," என்று அடித்தார்.

கதவில் எழுதுவதை அவராகவே நிறுத்திவிட்டார். அத்தை கேட்டபோது, "உன் வேலையைப் பாரு," என்றார். ஆமை என்று கூப்பிடுவதும் நின்றுபோனது. கூப்பிட வேறு பெயர் அவருக்குத் தெரியாததால் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். குளியலறைக் கதவு சத்தமில்லாமல் இருந்தது. எந்த அறைக்காகக் கடல் தாண்டப் பார்த்தாளோ அந்த அறை இந்த வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டது போலிருந்தது. அதையும் அவள் அனுபவித்தாள்.

இடம் கிடைத்துவிட்டது என்று போனில் சேதி வந்தது. பரிசோதனைக் கூடத்தில் பாட்டில்களுக்கு நடுவில் நின்று படித்தாள், யாரிடமும் சொல்லவில்லை. எப்போது சொல்வது என்பதை எப்போதோ தீர்மானித்துவிட்டாள். டாக்ஸி வந்து வாசலில் நிற்கும். பெட்டியை ஏற்றிய பிறகு திரும்பி, "எழுநூத்திப் பத்துப்பா. எவ்வளவு தூக்கிட்டு ஓடியிருக்கேன், பாத்தீங்களா?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு அவர் பதில் சொல்வதற்குள் கதவைச் சாத்த வேண்டும். இந்த வாக்கியத்தைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருக்கிறாள். எந்த இடத்தில் நிறுத்தினால் நன்றாகக் குத்தும் என்றுகூட.

கோச் ஒரு காலை நேரத்தில் மைதானத்தில் செத்துப்போனார்.

பிள்ளைகளைச் சுற்ற விட்டுவிட்டு ஓரத்தில் நின்றிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். பிள்ளைகள் பார்த்தார்கள். ஆனால் விசில் அடிக்கவில்லையே. நின்றால் திட்டு விழும் என்று தொடர்ந்து ஓடினார்கள். அவரைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள். எத்தனை சுற்று என்று பிறகு கேட்டபோது ஒவ்வொருவனும் ஒரு கணக்குச் சொன்னான். கடைசியில் நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர்தான் ஓடிப்போய்த் தூக்கினார். அப்போதும் இரண்டு பேர் நிற்கவில்லையாம். மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது பணியில் இருந்தது அம்மா. அவளே கையைப் பிடித்துப் பார்த்தாள், அவளே நேரம் பார்த்துச் சொன்னாள்.

வீடு நிறைய ஆள். மகளுக்கு அழுகை வரவில்லை. "அதிர்ச்சியில உறைஞ்சு போயிட்டா," என்று அத்தை எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய ஓட்டக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். எக்ஸ்பிரஸ் வேனை வாசலில் நிறுத்திவிட்டு, காலைக் கையால் தூக்கி வைத்து இறங்கி வந்தாள். மகளைத் தனியாகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

"போன மாசம் கோச் என்னைத் தேடி வந்தாரு. பிள்ளைங்களை இறக்கி விட்டுட்டு நிக்கிறேன், வேன் படியில வந்து உக்காந்துட்டாரு. முட்டி எப்படி இருக்குன்னு கேட்டாரு. இத்தனை வருஷத்துல முதல் தடவை."

"என்ன சொன்னீங்க?"

"இருக்கு கோச்னேன். உன்னைப் பத்திச் சொன்னாரு. உனக்குக் கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைக் குறைச்சாராமே. இப்போ நேரம் குடுத்தாலும் வர மாட்டேங்குதுன்னாரு. 'மூளையிலயும் முட்டி மாதிரி ஏதோ இருக்கும் போல. பிள்ளைக்கு அதைத் தேச்சுட்டேன்'ன்னாரு. அது திரும்ப வருமான்னு என்கிட்ட கேட்டாரு. வேன் ஓட்டுறவகிட்ட."

மகள் கல்லில் காய்ந்திருந்த சோப்பை நகத்தால் சுரண்டினாள்.

"எனக்கு அதைக் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் எக்ஸ்பிரஸ். "உன்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும். இத்தனை வருஷம் கழிச்சு ஒரு தடவை என் முன்னாடி தலையைத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தாரு. 'வராது கோச், தேஞ்சது தேஞ்சதுதான்'னு சொல்லி அனுப்பிட்டேன்." முட்டியைத் தடவிக்கொண்டாள். "நிஜமாவே வராதா உனக்கு?"

"தெரியல," என்றாள் மகள்.

"பாவம்," என்று எக்ஸ்பிரஸ் எழுந்துகொண்டாள். யாரைச் சொன்னாள் என்று கேட்க முடியவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் கலைந்துபோன ஒரு மத்தியானம், அம்மா அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். டிராக் பேண்ட்டுகள், பனியன்கள், அந்த நீலச் சட்டை. ஒவ்வொன்றையும் மருத்துவமனைப் போர்வை மடிக்கிற மாதிரி மூலைக்கு மூலை சேர்த்து மடித்து அடுக்கினாள். மகள் கதவருகில் நின்றாள். உள்ளுக்குள் அந்த வாக்கியம் இன்னும் பத்திரமாக இருந்தது, சொல்வதற்கு ஆள் இல்லாமல்.

"அம்மா, எனக்கு எழுநூத்திப் பத்து."

அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. "எப்போ?"

"எழுதின அன்னிக்கே. இடமும் கிடைச்சாச்சு."

ஒரு பனியன், இன்னொரு பனியன். "நினைச்சேன்," என்றாள் அம்மா. "டைமரை ஸ்வெட்டர்லயே விட்டுட்டுத் துவைக்கப் போட்டிருந்த. அதுக்கு முன்னாடியே அவரு விசில் சீக்கிரமா அடிக்கிறது எனக்குத் தெரியும். நாடி பாக்குற கைம்மா இது. பக்கத்து ரூம்ல இருந்து கேட்டாலே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் அவர்கிட்ட சொல்லல?"

வெளியே அத்தை யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது. அம்மா நீலச் சட்டையை எடுத்து, விரித்து, காலரைத் தடவி, திரும்ப மடித்தாள்.

"கடைசியில லேட்டா அடிச்சாரு," என்றாள். "அதுவும் கேட்டுச்சு. கதவுகிட்ட நின்னு மூச்சை அடக்கிட்டு நிப்பாரு. ஊதப் போவாரு, ஊத மாட்டாரு. நான் உள்ள உக்காந்து கேட்டுட்டே இருப்பேன். அப்பவாவது நீ சொல்லுவேன்னு நினைச்சேன்." சட்டையை அடுக்கின்மேல் வைத்தாள். "அப்படியே அவரேதான் நீ. நான் கூட யாரு மாதிரின்னு யோசிச்சுட்டே இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்கிற குரல்.

"அத்தைகிட்ட இன்னொரு தடவை எழுதினேன்னு சொல்லிடு," என்றாள் பிறகு. "அவரு சொல்லிக் குடுத்ததாலதான் வந்துச்சுன்னும் சொல்லு."

"அவரு சொல்லிக் குடுத்ததாலதாம்மா வந்துச்சு," என்றாள் மகள். சொன்ன பிறகுதான், அது அம்மா கேட்ட பொய் இல்லை என்பது உறைத்தது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆணியைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சேதி மைதானம் வரை போனது. கோச்சின் கடைசி வெற்றி என்று சொன்னார்கள். அவர் இடத்துக்கு வந்த புது ஆள் கொட்டகையிலிருந்த பெல்ட்டைத் தூசி தட்டி எடுத்து, "இதாலதான் அவர் பொண்ணு வெளிநாடு போகுது" என்று பிள்ளைகளுக்குக் கட்டிவிட்டான். அத்தை கதவில் மிஞ்சியிருந்த சாக்பீஸ் எண்களைத் துடைக்க விடவில்லை. வருகிறவர்களுக்குக் காட்டினாள். "பாருங்க, எங்கேருந்து எங்க கொண்டுவந்து விட்டுட்டுப் போயிருக்கான் என் தம்பி."

புறப்படுகிற நாளில் டாக்ஸி வருவதற்கு வெகு முன்பே அவள் வாசலில் நின்றிருந்தாள். வந்ததும் பெட்டியை ஏற்றினாள். அம்மா படியில் நின்றாள், அத்தை மதிலருகில் நின்று மூக்கைச் சிந்தினாள். அவள் திரும்பினாள். ஒத்திகை பார்த்த இடம் இதுதான், திரும்ப வேண்டிய கோணமும் இதுதான். வாசலில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

"கிளம்பலாமாம்மா?" என்றார் டிரைவர்.

அவள் வண்டியில் ஏறவில்லை. தோள் தானாக இறுகி, விசிலுக்காகக் காத்திருந்தது.

"ஒண்ணும் அவசரமில்ல," என்றார் டிரைவர், இன்ஜினை அணைத்துவிட்டு. "நேரம் நிறைய இருக்கு. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டே வாங்க."